ரமாபாயின் கழுத்து

என் உள்ளங்கை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், சார். ராயபுரத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை நடத்திக்கொண்டிருந்த நான் வைத்தியத்துக்கு வந்ததே அதனால்தான். 'அய்யாத்துரைக்குப் பயிற்சி இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு ஓட்டல் மாடியில் இரண்டு நாள் வகுப்பு நடந்தது. பிரியாணி போட்டார்கள். முடிவில் சான்றிதழும் வெள்ளைக் கோட்டும் கொடுத்தார்கள். கோட்டு கொஞ்சம் பெரிது.

எம்.கே.பி. நகரில் என் வீட்டு வாசலில் பலகை மாட்டினேன்: 'ஒற்றைத் தலைவலிக்குக் கை வைத்தியம். மாத்திரை இல்லை, ஊசி இல்லை.' முதலில் வந்தவர் ரமாபாய், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தலைவலி வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு வாந்தியெடுத்துக்கொண்டு கிடப்பாராம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கணவர் டில்லிபாபு அவரைத் தாங்கிப் பிடித்து அழைத்துவந்தார். கழுத்தையும் தோளையும் இதமாகப் பிடித்துவிட்டேன். நன்றாகத் தூங்கினேன் என்று மறுநாள் வந்து சொன்னார். குடியிருப்பு முழுக்கவும் சொன்னார். வாசலில் பெஞ்சு போதவில்லை. இத்தனை வருடம் அண்ணாச்சி என்று கூப்பிட்டவர்கள் டாக்டர் என்றார்கள்.

ரமாபாய் மட்டும் மாறவில்லை. ஒருநாள் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "ஆஸ்பத்திரி மாத்திரை நல்லா கேக்குது அண்ணாச்சி. இனிமே நான் வர்ல."

நான் கோபப்படவில்லை. கடைசியாக ஒருமுறை பார்த்து அனுப்புகிறேன் என்றேன். பிடரிக்கு மேலே எங்கே அழுத்தினால் வலி போகும் என்பது எனக்குத் தெரியும். எங்கே அழுத்தினால் வரும் என்பதும் தெரியும். மறுநாளே டில்லிபாபு அவரைத் தாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மாத்திரையை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். வலி முழுதாகப் போனால் ஆள் வரமாட்டார். ஆள் வராவிட்டால் அந்த வலியை யார் பார்ப்பது? ஆகவே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மிச்சம் வைத்தே அனுப்பினேன்.

பிறகு கழுத்தைச் சொடுக்கிவிட ஆரம்பித்தேன். அந்தச் சத்தம் பெஞ்சுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒருநாள் ரமாபாய், "தல சுத்துது அண்ணாச்சி. வெரலு மரத்துப் போவுது" என்றார்.

இப்படி யாராவது சொன்னால் கையை எடுத்துவிட வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான் மறக்கவில்லை. ஆனால் என் வாசலில் இருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பார்த்தால் காத்திருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? "நோய் விரல் வழியா இறங்குதும்மா" என்றேன். பெஞ்சு மொத்தமும் தலையாட்டியது. அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து, எப்போதையும்விட பலமாகத் திருப்பினேன். சத்தம் நன்றாகவே வந்தது.

கழுத்துக்குள் ரத்தக்குழாய் கிழிந்து, கட்டிய ரத்தம் மூளைக்கு ஏறிவிட்டதாம். டாக்டர்கள் எதற்கும் பெரிதாக ஒரு காரணம் வைத்திருப்பார்கள். இப்போது ரமாபாய்க்கு வலது பக்கம் அசைவதில்லை. பேச்சும் வருவதில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த வாரமே டில்லிபாபு என்னைத் தேடி வந்தார். "அவுங்க கைய விரிச்சிட்டாங்க டாக்டர். நீங்கதான் பாக்கணும்" என்றார். வாராவாரம் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். கட்டணம் வாங்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ரமாபாயைக் கவனிக்க ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் மகிமா, உங்களிடம் புகார் கொடுத்தவள், கழுத்தில் விரல் தடம் இருக்கிறது என்கிறாள். இருக்கத்தான் செய்யும். வைத்தியம் நடக்கிறதே.

வலியை வரவழைத்தது நான்தான். தெரிந்தே திருப்பியதும் நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: வெள்ளிக்கிழமைக்குள் என்னை விட்டுவிடுங்கள், அன்று ரமாபாயைப் பார்க்கும் முறை. கழுத்தில் நான் கை வைத்ததுமே அந்த அம்மாவின் கண்ணில் இருந்து நீர் வழியத் தொடங்கிவிடும். வாய் பேச முடியாதவர் வேறு எப்படி நன்றி சொல்வார், சார்?