சட்டையில் அச்சடித்த முதல் விதி

பருத்தித் துணி மேல் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது மேடம். ஆகஸ்டு மாதத்தில் தோட்டத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்க அதைவிடச் சுகமான துணி இல்லை. உங்கள் மேசையில் பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கிறதே, அதே டி-ஷர்ட்டைத்தான் என் மனைவி பெரிலும் இரவில் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். அளவு மட்டும் பெரியது.

அதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மேலே வளைவாக 'நவீன விளையாட்டுகள் பிறந்த ஊர்' என்று இருக்கிறது. அதன் கீழே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு பந்து. தொலைக்காட்சியில் கோடீஸ்வரர்கள் உதைக்கிறார்களே, அந்தப் பந்து. அதை ஒரு காலணி உதைக்கிறது. வருடாவருடம் தவக்காலத்துக்கு முந்தின நாள் எங்கள் ஊர் ஆடுகிற ஆட்டத்தில் பந்தை யாரும் உதைப்பதில்லை. தோலுக்குள் தக்கை அடைத்த பந்து அது. உதைத்தால் கால்தான் உடையும். நூறு பேர் அதைக் கட்டிக்கொண்டு தள்ளுவார்கள், இன்னொரு நூறு பேர் எதிர்த்துத் தள்ளுவார்கள். பாதி ஆட்டம் ஆற்றுக்குள்ளேயே நடக்கும். இந்த ஊரில் கடை வைத்தவன் ஒருவன் இதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சட்டை அச்சடிக்கிறான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

அந்தச் சட்டைக்காரன் டோபி லண்டனிலிருந்து வந்தவன். விளம்பரத் தொழிலாம். மனைவி இமோஜனை அழைத்துக்கொண்டு வந்து, தேவாலயத்துக்கு எதிரே வாசனை மெழுகுவர்த்திக் கடை போட்டான். நல்ல பையன் என்று ஊரே சொன்னது. யாரைப் பார்த்தாலும் பல்லைக் காட்டுகிறவனை ஊர் அப்படித்தான் சொல்லும். ஆட்டத்தன்று கடைகளின் கண்ணாடிகளுக்குப் பலகை அடிப்போம். கூட்டம் சாய்ந்தால் கண்ணாடி மிஞ்சாது. அவன் தன் பலகையில் பூ வரைந்தான்.

சட்டையின் அடியில் ஒரு வரி இருக்கிறது, பார்த்தீர்களா? 'முதல் விதி: கொலை கூடாது.' பக்கத்தில் பல்லிளிக்கும் ஒரு மண்டையோடு. அது எங்கள் ஊர் மன்றச் சுவரில் தொங்கும் பழைய விதிப்பலகையிலிருந்து எடுத்தது. எங்கள் முன்னோர் விளையாட்டுக்காக எழுதியதல்ல அது. எழுத வேண்டியிருந்தது, எழுதினார்கள். டோபிக்கு அது சிரிப்பாக இருந்தது. சுற்றுலாக்காரர்களுக்கும் சிரிப்பாக இருந்தது. பிறகு ஊர்க்காரர்களே வரிசையில் நின்று வாங்கினார்கள். அதை மன்னிக்க எனக்குக் கொஞ்சம் நாள் பிடித்தது.

வடகரையில் பிறந்தவன் மேலணி, தென்கரையில் பிறந்தவன் கீழணி. பந்தை எடுத்துப்போய்த் தன் அணியின் மாவு ஆலைக் கல்லில் தட்டுகிறவன் வெற்றிபெற்றவன். உடனே சந்தை மணி அடிக்கும், அன்றைய ஆட்டம் முடியும். நான் மேலணிக்கு ஆற்றுக் கேப்டன். தண்ணீரில் யார் எங்கே நிற்பது என்று நான்தான் சொல்வேன். நிறுத்திய இடத்திலிருந்து கேப்டன் கூப்பிடாமல் கரையேறியவனை இந்த ஊர் சாகும்வரை கேலி செய்யும். கசாப்புக்கடை ஜெத்ரோ ஒரு தடவை ஏறிவிட்டான். இன்றைக்கும் அவன் கடைக்குப் போகிறவர்கள், "கால் காஞ்சிடுச்சா ஜெத்ரோ?" என்றுதான் கறி கேட்கிறார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். சிறுவயது முதல் ஆடுகிறேன். கோல் போட்டதில்லை. அது எல்லோருக்கும் அமைவதில்லை. ஆனால் ஆட்டத்தைத் தொடங்கிவைத்துப் பந்தைக் கூட்டத்துக்குள் எறிகிற மரியாதை ஒன்று உண்டு. இந்த வருடம் அது எனக்கு என்று பேசிவைத்திருந்தார்கள். அதற்காகப் பெரில் எனக்குப் புதுக் கோட்டு வாங்கினாள். கமிட்டி மதுக்கடையில்தான் கூடும். அன்று தலைவர் ஸ்டான் தொண்டையைக் கனைத்தான்.

"இந்த வருஷம் டோபி போடட்டும்பா. அவன் சட்டையாலதான் டீவிக்காரனே நம்ம ஊரை எட்டிப் பாக்குறான்."

"அப்ப கிளைவ்?" என்று யாரோ கேட்டார்கள்.

"கிளைவ் எங்க ஓடிடப் போறான்? அவன் பாலத்துக் கல்லு மாதிரி, இங்கயேதான் கெடப்பான். அடுத்த வருஷம் பாத்துக்கலாம். என்ன கிளைவ்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலில் கை தூக்கியதும் நான்தான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்கள். ஆனால் இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

மறுநாளே டோபி என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு மெழுகுவர்த்தி.

"கிளைவ், உங்களுக்கு வரவேண்டியதாமே? ஸ்டான் அப்புறம்தான் சொன்னாரு. எனக்கு ரொம்ப சங்கடமா இருக்கு. நான் வேண்டாம்னு சொல்லிடறேன்."

பிச்சை போடுகிறான் பாருங்கள்.

"அட, போடு கண்ணு. யார் போட்டா என்ன?" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். ஏதோ கேட்க வந்தவன் போலக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"இமோஜனுக்கு ஏப்ரல்ல பொறந்துடும். ஆஸ்பத்திரி வேற ஊர்ல, டெர்பியில. நாங்க குடியிருக்கறதும் ஊருக்கு வெளிய. எங்க பாப்பா எந்த அணி கிளைவ்? பள்ளிக்கூடத்துல பசங்க கேப்பாங்கல்ல?"

நான் பொய் சொல்லவில்லை மேடம். உள்ள வழக்கத்தைச் சொன்னேன். வெளியூர்க்காரன் ஆற்றில் இறங்கி, கேப்டன் கூப்பிடும்வரை நின்றால், அவனும் அவன் பிள்ளைகளும் அந்த அணி. அவன் கண் கலங்கிவிட்டது. ஒரு பந்து விளையாட்டுக்கு அழுகிற ஆண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆட்டத்தன்று பந்தை மணப்பெண் பூச்செண்டு எறிவது போல எறிந்தான். கூட்டம் கைதட்டியது. அதன்பிறகு அவனைப் பழைய பாலத்தடிக்கு அழைத்துப்போனேன். தடுப்பணைக்குக் கீழே அங்கே ஒரு மடு இருக்கிறது, மார்பளவு ஆழம். காலையில்தான் அதன் ஓரத்தில் பனிக்கட்டி உடைந்திருந்தது. இமோஜன் பின்னிக்கொடுத்த கம்பளி ஸ்வெட்டரைப் போட்டிருந்தான். ஆற்றில் இறங்குகிறவர்கள் எல்லோரும் கம்பளிதான் போடுவோம், நனைந்தாலும் கொஞ்சம் சூடு தாங்கும்.

"அதைக் கழட்டிடு கண்ணு. பாலத்து மேல கேமரா வரும். உன் சட்டை தெரியவேணாமா?" என்றேன்.

வெட்கப்பட்டுக்கொண்டே கழற்றிக் கொடுத்தான்.

ஓய்வு பெறும்வரை நான் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். குளிர்காலத்தில் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் பருத்திச் சட்டை போட்டவனைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஈரப் பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். என் பழைய மாணவர்களைக் கேட்டீர்களாமே. நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள், சந்தோஷம்.

நான் பாலத்தின் மேல் நின்றேன். நடுக்கத்தில் அவன் பற்கள் அடித்துக்கொள்வது மேலேவரை கேட்டது.

"கிளைவ், பந்து வருதா?"

"வருது. நில்லு."

வரவில்லை. பந்து ஆரம்பத்திலேயே கீழணியின் கைக்குப் போய்க் கிழக்கே வயலைத் தாண்டிவிட்டது. கூச்சல் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்தே எங்களுக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு எப்படித் தெரியும்? எங்கே போயிற்று என்று அவனுக்குச் சொல்ல அந்தப் பாலத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. கேமராவும் வரவில்லை.

ஸ்வெட்டர் ஏன் நனையவில்லை என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். அதை நான் போட்டுக்கொண்டேன். பாலத்தில் காற்று அதிகம். நன்றாகப் பின்னியிருந்தாள்.

நடுவில் இமோஜனே வந்தாள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு. நான் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு பாதி வழியிலேயே அவளைச் சந்தித்தேன்.

"டோபியைப் பாத்தீங்களா கிளைவ்?"

"கூட்டத்துல கலந்துட்டாம்மா. உனக்கு இந்தக் குளிர் ஆகாது. போய்ப் பெரில்கிட்ட சூடா ஒரு பான்கேக் வாங்கிச் சாப்பிடு."

என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது அவன் நடுங்கவில்லை.

"இப்ப குளிரவே இல்ல கிளைவ். பழகிடுச்சு போல. நான் மேலணிக்காரன் ஆயிட்டேன்," என்றான். நாக்கு குழறியது. நடுக்கம் நின்றுபோனால் உயிர் போகப்போகிறது என்று அர்த்தம். அதைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொடுத்தவன் நான்.

"நல்லது கண்ணு," என்றேன்.

அப்போதுதான் மணி அடித்தது. அவன் தலையைத் தூக்கினான்.

"என்ன மணி அது? முடிஞ்சுடுச்சா?"

"அது பான்கேக் மணி. நில்லு, இப்பத்தான் பந்து திரும்புது."

தவக்காலத்துக்கு முன் வீட்டுக்கு வீடு பான்கேக் சுடச்சொல்லி அந்த மணி அடிப்பது காலையில். இந்த ஊரில் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் அது தெரியும். அவன் தலையாட்டிவிட்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் முட்டி மடங்கியது. கூப்பிட்டான், என் பெயரைத்தான் என்று நினைக்கிறேன். நான் கூப்பிட்டிருந்தால் ஏறியிருப்பான். கரைக்கு இறங்கிக் கை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். அவன் முகம் தண்ணீருக்குள் போய், அந்தச் சட்டை முதுகில் பலூன் போல உப்பி மேலே வரும்வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பெரில் எனக்கு இரண்டு பான்கேக் எடுத்துவைத்திருந்தாள்.

இதைக் கொலை என்று எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். அவன் சாவான் என்று எனக்குத் தெரியும், அதற்காகத்தான் நிறுத்தினேன். ஆனால் ஊர் மன்றத்துக்கு ஒரு ஆளை அனுப்பி அந்தப் பலகையைப் படித்துவரச் சொல்லுங்கள். சட்டையில் இடமில்லை என்று டோபி பாதியை வெட்டிவிட்டான். அரைகுறையாகவே எதையும் செய்கிறவன். 'ஆட்டம் முடியும்வரை கொலை கூடாது' என்றுதான் பலகையில் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க அந்த விதிக்குக் கட்டுப்பட்டு ஆடியவன் நான். அன்றைக்கும் மணி அடிக்கும்வரை அவன் உயிரோடுதான் இருந்தான்.