கடல் தெரியும் அறை

மெட்ராஸில் கடல் பார்க்க நல்ல மாதம் தை, சார். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் முறுக்கேறியிருக்காது. இதெல்லாம் நான் நேரில் போய்ப் பார்த்துச் சொல்வதில்லை. குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது. எங்களுக்கு டவர் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். வேலை முடிந்ததும் அதில் ஏறி நின்று செல்போனில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நானும் என் சம்சாரம் செல்லக்கிளியும் மட்டும் போவதாகத் திட்டம். கோயில் கிடையாது, சொந்தக்காரர் வீடு கிடையாது, துணிக்கடை கிடையவே கிடையாது. பெசன்ட் நகர் பக்கம் ஒரு விடுதி, மாடியில் கடல் தெரிகிற அறை. இஷ்டப்பட்ட நேரத்துக்கு எழுந்திருக்கலாம். சாயங்காலம் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்னலாம். பேச்சு வந்தால் பேசுவது, வராவிட்டால் சும்மா இருப்பது. போடியிலிருந்தே ரயில் விட்ட பிறகு அலைச்சலும் இல்லை. ஏறிப் படுத்தால் காலையில் மெட்ராஸ்.

இதற்கு முன்னால் நாங்கள் கடல் பார்த்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்யாணமான வருசம் திருச்செந்தூர் போனோம், வேன் நிறைய ஆட்களோடு. அலை வந்தபோது அவள் பயந்துபோய் அவள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அதில் ஒன்றும் தப்பில்லை.

அந்த அண்ணன்தான் கன்னையன். நல்ல மனிதர், அதை யார் கேட்டாலும் சொல்வேன். ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மழைநாளில் என் ஏலக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போது வளைவில் ஜீப்பு உருண்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவர் பெண்டாட்டி கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத் தாய் வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. செல்லக்கிளி அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஜீப்பிலிருந்து அவரைத் தோளில் தூக்கி இறக்கியதே நான்தான்.

தோட்டத்து வீட்டில் ஒரே அறை. அவர் கட்டிலுக்கும் எங்கள் பாய்க்கும் நடுவே ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அவர் இருமினால் இவள் எழுந்திருப்பாள். இருமாவிட்டாலும் எழுந்திருப்பாள், ஏன் இருமவில்லை என்று பார்க்க. முதுகில் புண் வராமல் அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் காது சேலைக்கு அந்தப் பக்கம் இருக்கும். நான் கோபப்பட்டதில்லை. அவளைக் கை நீட்டி அடித்ததும் இல்லை, விசாரித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு தையிலும் மெட்ராஸ் பயணத்தைப் பற்றிக் கேட்பேன். ஒரு வருசம் அவருக்குப் புண், இன்னொரு வருசம் நெஞ்சுச் சளி. போன வருசம் காரணமே சொல்லவில்லை. "அண்ணனை விட்டுட்டுப் போயி அந்தக் கடலைப் பாத்து நான் என்னங்க செய்யப் போறேன்" என்றாள். நான் பாறைக்குப் போனேன். அந்த அறையின் படத்தைப் பார்த்தேன். வெள்ளை விரிப்பு போட்ட ஒரு கட்டில், ஒரு சன்னல், நிறையத் தண்ணீர். அழுகை வந்தது. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடுமோ என்று பயமாக இருந்தது சார், உள்ளதைச் சொல்கிறேன்.

இனி ஸ்டோரைப் பற்றிச் சொல்கிறேன். ஏலக்காய் காயவைக்கிற கட்டடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம். வெளியே அடுப்பு, உள்ளே சூடு போகிற இரும்புக் குழாய், அதற்கு மேலே தட்டுத் தட்டாகக் காய். பச்சைக் காய் முதலில் ஆவி விடும். அந்த ஆவி வெளியே போக மேல்சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். ஆவி நின்ற பிறகுதான் அடைக்கலாம். அவசரப்பட்டு அடைத்தால் காய் பச்சை நிறம் போய் வெளுத்துவிடும், பிறகு ஒரு வியாபாரியும் சீந்த மாட்டான். இந்த மலையில் என் காய் நிறத்துக்குப் பேர் போனது.

மழைக்குளிர் காலத்தில் மச்சானுக்கு உடம்பு விறைத்துக்கொண்டு வலிக்கும். "மாப்ளே, செத்த நேரம் ஸ்டோர்ல போடு மாப்ளே" என்பார். தூக்கிக்கொண்டு போய்க் கதவோரம் பாய் விரித்துப் படுக்க வைப்பேன். சன்னல் திறந்திருக்கும், கதவு பாதி திறந்திருக்கும், அவருக்கு இதமாக இருக்கும். பல தடவை செய்திருக்கிறேன்.

அன்று செல்லக்கிளி அவருக்கு மாத்திரை வாங்கப் போடிக்குப் போயிருந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவராகத்தான் கேட்டார், நானாக அழைக்கவில்லை. படுக்க வைத்தேன். குழாயில் ஒரு இடத்தில் ஓட்டை, அது வழியே புகை கசியும். ஒவ்வொரு லோடு காய் போடும்போதும் களிமண் வைத்துப் பூசுவேன், அன்று பூசவில்லை. மேல்சன்னல்களை அடைத்தேன். கதவைச் சாத்தி வெளியே கொக்கி போட்டேன். அடுப்பில் ஈர விறகைத் திணித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கட்டங்காப்பி போட்டுக் குடித்தேன்.

அவருக்குக் கால்தான் போயிருந்தது, கை நன்றாக வேலை செய்யும். கொஞ்ச நேரம் கதவைத் தட்டினார், வீடுவரை கேட்டது. "மாப்ளே, காத்து வரமாட்டேங்குது, கதவத் தொற" என்றார். என்னைத் திட்டவில்லை. கடைசிவரை நான் தெரியாமல் சாத்திவிட்டேன் என்றே நினைத்திருப்பார். அந்த அளவில் அவர் மனசு நோகவில்லை, எனக்கு அது ஆறுதல்.

பிறகு அவரைத் தூக்கி வந்து கட்டிலில் கிடத்தி, முகம் துடைத்து, போர்த்திவிட்டேன். ஏற்கெனவே சளி பிடித்த நெஞ்சு. தூக்கத்திலேயே போய்விட்டார் என்றேன், எல்லாரும் நம்பினார்கள். செல்லக்கிளி அழுத அழுகையைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. ஆனால் அழுது முடித்தால் தெளிந்துவிடுவாள் என்று இருந்தேன்.

நான் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அந்த லோடு காயை ஓடையில் கொட்டியிருக்க வேண்டும். காய்ந்த ஏலக்காயைக் கொட்ட இங்கே எவனுக்கும் கை வராது, எனக்கும் வரவில்லை. சாக்கில் கட்டி மூலையில் போட்டுவிட்டேன். காரியம் முடிந்த பிறகு, சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், அவள் அதை எடுத்து முறத்தில் கொட்டித் தரம் பிரிக்க உட்கார்ந்தாள். காய் வெளுத்துக் கிடந்தது. ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தாள். புகை வாடை அடித்தது.

அவரைக் குளிப்பாட்டும்போது விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அப்போது என்னிடம் கேட்கவில்லை. இப்போது முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இத்தன வருசத்துல நீ ஒரு லோடு வெளுக்க விட்டதில்ல. மேச்சன்னல எதுக்கு அடைச்ச? உள்ள யாரு இருந்தா?"

கல்யாணமான நாளிலிருந்து அன்றுதான் என்னை நீ என்றாள். அவள் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி, உங்கள் ஸ்டேசனுக்கு நடந்தே வந்திருக்கிறாள்.

யாரையாவது துணைக்கு வைத்துவிட்டு நாலு நாள் போயிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மாத்திரை வாங்கப் போன அன்று காலை ஜீப்புக்குக் காத்து நிற்கும்போது அவளே என்னிடம் சொன்னாள்.

"கீழ்த்தோட்டத்து ஆயம்மாக்காகிட்டப் பேசிட்டேங்க. நாலு நாளைக்கு அண்ணன அவுக பாத்துக்கிறாகளாம். அண்ணனும், போயிட்டு வா ஆத்தான்னு சொல்லிருச்சு. வெரசா டிக்கெட்டப் போடுங்க, இந்தத் தையில போயிருவோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

ஆமாம் சார், தெரிந்துதான் செய்தேன். ஜீப்பு வளைவில் மறைகிறவரை நின்று யோசித்தேன். கடலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். அரை மணிக்கு ஒரு தரம் அண்ணன் சாப்ட்டுச்சோ, புரட்டிப் படுக்க வச்சாகளோ என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருப்பாள். உடம்பு என் பக்கத்தில் இருக்கும், மனசு இந்த மலையில் கிடக்கும். அப்படி ஒரு பயணம் போய் என்ன பிரயோசனம்? அவள் ஒரே ஒரு தடவையாவது ஒரு கவலையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எல்லாம் அவளுடைய நிம்மதிக்காகத்தான் சார். எனக்கென்று நான் எதுவுமே கேட்டதில்லை.