மடையை அடைக்கப் போனவர்

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

ஐயாவின் குரல். டும். தூரத்தில் எறிகணை புறப்படுகிறது. கூவிக்கொண்டு வருகிறது. வெடிக்கிறது. தலையில் மண் கொட்டுகிறது.

தொண்ணூற்றாறு. ஆடி மாதம். வட்டக்கச்சி. வயல்கரைப் பதுங்கு குழிக்குள் நான்கு பேர். ஐயா, என் தகப்பன். நான். என் சின்ன மகள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஓடிவந்து எங்களோடு தங்கியிருந்த பிலோமினா அக்கா. புறப்படும் சத்தத்துக்கும் வெடிப்புக்கும் இடையில் 'அருள் நிறைந்த மரியே' பாதிதான் சொல்லலாம் என்பா அவா.

காலில் ஈரம். தண்ணீர்.

அன்று எங்கள் முறை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்துத்தான் வரும். முறையை விட்டவன் போகத்தை விட்டான் என்பது ஐயாவின் வேதம். எறிகணை விழத் தொடங்கிய பிறகும் போய் மடையைத் திறந்துவிட்டுத்தான் குழிக்கு வந்தார். குழியை வயல்கரையில் வெட்டியதும் அவர்தான். அங்கே மண் இளக்கமாம். இப்போது வரம்பு சிதறிவிட்டது. வாய்க்கால் எங்களிடம் வருகிறது.

"கடலே என்னை விட்டு வைச்சது. வாய்க்காலிலயோ சாகப்போறன்?" பிலோமினா அக்காவின் பகிடி.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். எங்களுக்குச் சாணும் முழமும்தான் உயிர். மகளின் இடுப்புவரை வந்துவிட்டது. வெளியே போனால் எறிகணைத் துண்டு. யாராவது மடையை அடைக்கவேண்டும்.

ஐயா வெள்ளைக்காரன் காலத்தில் தென்மராட்சியில் பிறந்தவர். குடியேற்றக் காணி கிடைத்துக் கோடரியோடு வந்தவர். மலேரியாக் காய்ச்சலுக்கு மூத்த பிள்ளையைக் கொடுத்தவர். ஐம்பத்தெட்டில், எழுபத்தேழில், எண்பத்துமூன்றில் கலவரங்களில் அடிபட்டு வந்தவர்களுக்கு எங்கள் வளவில் கொட்டில் போட்டுக் கொடுத்தார். போன வருஷம் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து வந்தது. அப்போதும் கொட்டில்களுக்குக் கிடுகு ஓலை கட்டினார். இந்தமுறை ஊரே வெளிக்கிட்டபோது, "காடு வெட்டினவனை ஆர் கலைக்கிறது?" என்று இருந்துவிட்டார். அவரை விட்டுப்போக எங்களுக்கு மனம் வரவில்லை.

மண்வெட்டியை எடுக்கிறார்.

"ஐயா, போகாதேங்கோ!"

"திறந்தவன்தான் அடைக்கவேணும், பிள்ளை. அடைச்சிட்டு வாறன். வந்த உடனே வெளிக்கிடுவம்."

"நீங்களும் வருவீங்களோ?"

"ஓம். நானும்தான்."

மண்வெட்டிச் சத்தம். சதக். சதக். டும். பிலோமினா அக்கா செபத்தைத் தொடங்குகிறா. பாதியில் வெடிக்கிறது. மீண்டும் சதக். உயிர் வருகிறது எங்களுக்கு. தண்ணீர் ஏறவில்லை. நின்றுவிட்டது. "அடைச்சிட்டார்!" என்று கத்தினேன்.

டும்.

மிக அருகில். பிறகு மண்வெட்டிச் சத்தம் இல்லை.

எறிகணை ஓய்ந்து வெளியே வந்தபோது, மடையோரம் குப்புறக் கிடந்தார். மடையில் திணித்த வைக்கோல் போதவில்லை. இடுப்பு வேட்டியை அவிழ்த்து, உருட்டி, மண்ணோடு வைத்து அடைத்திருந்தார். ஒரு துளி கசியவில்லை. பிலோமினா அக்கா தன் மாற்றுச் சேலையால் அவரை மூடிவிட்டா. வரம்போரம் புதைத்தோம். மகளைச் சைக்கிளில் இருத்தி, விசுவமடுப் பக்கம் உருட்டிக்கொண்டு நடந்தோம்.

மறந்துவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இழந்தவை: மூன்று ஏக்கர் காணி. ஒரு கல்வீடு. இரண்டு பசு, ஒரு கன்று. கதிர் தள்ளிய நெல்.

இழந்த ஆள் ஒருவர். என் ஐயா. எழுபத்தெட்டு வயது. ஊரை விட்டு வரச் சம்மதித்த அன்று.