நாலாவது மாடிக் கதவு

— …அவ ரயில்ல ஏறி உக்காந்தா. ரயில் கிளம்பிடுச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுது.

— என்னது, முடிஞ்சுதா?

— முடிஞ்சுதுங்க. கடைசிப் பக்கம். மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க.

— இரு இரு. நேத்து வரைக்கும் அவ அந்தக் கட்டடத்துல, நாலாவது மாடில, கதவுகிட்ட நின்னுட்டிருந்தா. தட்டறதுக்குக் கையத் தூக்கினா. இன்னைக்கு எடுத்த எடுப்புல ரயில்ல ஏத்திவிட்டுட்ட?

— நான் எங்க ஏத்திவிட்டேன்? எழுதினவங்க ஏத்திவிட்டாங்க.

— கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?

— அது… சொல்லல. சில புக்குல சொல்ல மாட்டாங்க. நாமளே நினைச்சுக்கணும்.

— நல்ல கதையா இருக்கே! ஒரு வாரமா உக்கார வச்சுட்டு, கடைசில நாமளே நினைச்சுக்கணுமா? நடுவுல நாலஞ்சு பக்கம் தாண்டிட்டியா?

— நான் ஏன் தாண்டணும்?

— அதத்தான் நானும் கேக்கறேன். நாளைக்குக் கண்ணுக்கட்டு அவுக்கப் போறாங்க. இன்னைக்கு நீ அவசர அவசரமா கதைய முடிக்கிற. ரெண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கு.

— ஒரு சம்பந்தமும் இல்ல. ரெண்டு கண்ணையும் கட்டிப் போட்டும் உங்க சந்தேகத்த மட்டும் கட்டிப் போட முடியலயே!

— மோட்டார்ப் பொறி பட்டது கண்ணுல. காது நல்லாத்தான் இருக்கு. சாயந்தரத்துலேர்ந்து பக்கம் திருப்பற சத்தம் ஒரு தடவகூடக் கேக்கல.

— மெதுவாத் திருப்பினேன்.

— எதுக்கு?

— நீங்க தூங்கிட்டீங்களோன்னு…

— தூங்கறவனுக்கு எதுக்குப் படிச்ச?

— ஐயோ… கட்டு தொளதொளன்னு இருக்கு பாருங்க. இப்படித் திரும்புங்க, இறுக்கிக் கட்டி விடறேன்.

— கிட்ட வராத! அதுபாட்டுக்கு இருக்கட்டும். இறுக்கினா தலை வலிக்குது.

— நேத்தும் இதையேதான் சொன்னீங்க.

— நேத்தும் வலிச்சுது. பேச்ச மாத்தாத. கடைசி வரிய மறுபடி படி.

— அது எதுக்கு இப்ப?

— படியேன்.

— "அவ ரயில்ல… ஜன்னலோரமா உக்காந்தா. ரயில் நகர ஆரம்பிச்சுது."

— முதல்ல ஜன்னல் இல்ல.

— இருந்துச்சு.

— இல்ல. ரயிலும் அப்பவே கிளம்பிடுச்சு. இப்பத்தான் நகருது. அச்சடிச்ச புக்கு அதுக்குள்ள மனச மாத்திக்கிச்சா? அதுவும் போகட்டும். கட்டுப் போட்ட புதுசுல ஒரு புக்கு படிச்சியே, அதுல 'அவள் அமர்ந்தாள்'னு வந்துச்சு. இதுல 'அவ உக்காந்தா'ன்னே வருதே?

— உங்களுக்குப் புரியணுமேன்னு நான்தான் பேசற மாதிரி மாத்திப் படிக்கிறேன்.

— காதுல பூ சுத்தாத. 'அமர்ந்தாள்'னா புரியாத அளவுக்கு நான் போயிட்டனா? புக்கக் குடு இப்படி.

— குடுத்து? முகர்ந்து பாக்கப் போறீங்களா?

— கை இருக்குல்ல. … இதுவா? என்ன இவ்வளவு ஒல்லியா இருக்கு! தினம் காலைல ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவன்னு ஒரு வாரமா இதையா படிச்ச?

— எழுத்து பொடியா இருக்கும்.

— எழுத்து பொடிசு, பொய் பெருசு. இரு, தண்ணியக் குடிச்சுட்டு விசாரிக்கிறேன்.

— இருங்க, டம்ளர நான் எடுத்து… அட, நீங்களே எடுத்துட்டீங்க?

— ம்… பழகிடுச்சு.

— தடவாம கொள்ளாம நேரா டம்ளர்கிட்டயே கை போகுது?

— தினமும் அதே ஸ்டூல்லதான வைக்கிற.

— இன்னைக்கு ஜன்னல்ல வச்சிருந்தேன்.

— …காத்து அடிச்சுது. டம்ளர் லேசா ஆடிச்சு. சத்தம் கேட்டுது.

— ஓஹோ.

— என்ன ஓஹோ? விசாரணை உனக்குத்தான், எனக்கில்ல. அந்தக் கதைல வர்ற புருஷன் என்ன வேலை பாக்கறான்?

— …லிஃப்ட் ரிப்பேர்.

— சாப்பிடும்போது என்ன பண்றான்?

— கால ஆட்டறான்.

— லிஃப்ட் ரிப்பேர் பண்ணி, சாப்பிடும்போது கால ஆட்டி, பல்லு குத்திட்டே ரேடியோ கேக்கறவன் உலகத்துல எத்தனை பேர் இருப்பாங்க?

— ஏகப்பட்ட பேர் இருப்பாங்க. நீங்க ஒண்ணும் அபூர்வப் பிறவி இல்ல.

— சரி. அவன் பொண்டாட்டி சனிக்கிழமையானா ஏதோ பொய்யச் சொல்லிட்டு நாலாவது மாடிக்குப் போறா. நீயும் சனிக்கிழமைதான் மருந்துக்கடைலேர்ந்து லேட்டா வர்ற.

— ஏங்க! கடைக்கு சரக்கு வர்ற நாள் அது!

— அவளும் ஒரு காரணம் வச்சிருந்தா. அதுவும் இதவிட நல்ல காரணம். சொல்லு, நாலாவது மாடில யாரு?

— கதைங்க அது!

— யார் எழுதின கதை?

— யாரோ எழுதினது.

— அட்டைல பேர் இருக்கும்ல. படி.

— புக்கு உங்ககிட்ட இருக்கு.

— இந்தா, படி.

— சிரிக்க மாட்டேன்னு சொல்லுங்க.

— சிரிக்கற நிலைமைலயா இருக்கேன்? சொல்லு முதல்ல.

— அந்த ஒல்லிப் புக்கு போன வாரமே முடிஞ்சுபோச்சு. அடுத்த புக்குன்னு சொல்லி, அதையே கையில வச்சுட்டு… நானாத்தான் சொன்னேன்.

— வேற புக்கு கிடைக்கலயா?

— பையில இன்னொண்ணு இருந்துச்சு. கை போகல. புக்கு பக்கத்துல இருந்தும் எனக்குக் கை போகாதது அதுதான் முதல் தடவை.

— நீயா? இருமல் மருந்து கேட்டவருக்கு நாவலக் கவர்ல போட்டுக் குடுத்தவளாச்சே!

— ஒரே ஒரு தடவ. அவரும் சும்மா இல்ல, படிச்சு முடிச்சுட்டுத்தான் மருந்து வாங்க வந்தார்.

— நீ எழுதுவன்னு இத்தனை வருஷமா ஒரு வார்த்த சொன்னதில்லயே.

— எழுதினாத்தான சொல்ல? நல்லதா ஒண்ணப் படிச்சா, அதுக்கப்புறம் நாம எழுதறது உப்பு போடாத மாதிரி இருக்கும். கிழிச்சுடுவேன். மட்டமா ஒண்ணப் படிச்சா, அட இவ்வளவுதானான்னு தைரியமா உக்காருவேன். அப்ப அந்த மட்டமானது மாதிரியே வரும். அதையும் கிழிச்சுடுவேன்.

— அப்ப படிக்கிறத நிறுத்திட வேண்டியதுதான?

— நிறுத்தினேனே! ஒரு மாசம் ஒரு பக்கம் தொடல. ஒரு வரி வரல. உங்ககூடச் சண்டைதான் வந்துச்சு.

— ஓ… அந்த மாசமா அது! குழம்புல உப்பு இருக்கான்னு கேட்டதுக்குப் பெட்டிய எடுத்துட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினியே!

— அதேதான்.

— சொல்லியிருந்தா நானே லைப்ரரிக்கு ஓடி ரெண்டு மூட்டை தூக்கிட்டு வந்திருப்பேன். சரி… இப்ப மட்டும் எப்படி வந்துச்சு?

— உங்க கண்ணக் கட்டியிருந்துச்சே, அதனால.

— இது என்ன நியாயம்?

— எழுதணும்னு உக்காந்தாலே, நான் படிச்ச புக்க எழுதினவங்க எல்லாரும் வந்து வரிசையா நின்னு என் மூஞ்சியையே பாக்கற மாதிரி இருக்கும். இங்க யாரும் பாக்கல. நீங்க 'அப்புறம்?'னு மட்டும் கேட்டீங்க. நான் சொல்லிட்டே போனேன். காலைல பல்லு விளக்கும்போதே அடுத்தது என்னன்னு மனசு ஓடும். நீங்க வலில படுத்திருக்கீங்க, நான் உள்ளுக்குள்ள குதிச்சுட்டிருக்கேன். இப்படி ஒருத்தி இருப்பாளா?

— அதான் ரயில்ல ஏத்திவிட்டியா?

— நாளைக்குக் கட்டு அவுத்துட்டா நீங்களும் என் மூஞ்சியப் பாப்பீங்க. அதோட எனக்கு நின்னுடும். பாதியில நிக்கறதுக்குப் பதிலா இப்பவே முடிச்சுட்டா…

— நாலாவது மாடி. இன்னும் சொல்லல நீ.

— விட மாட்டீங்களா!

— ஆள் யாரு?

— ஆளே இல்லீங்க.

— பொய்.

— சத்தியமா. கதவத் திறந்தா ஒரு மேசை, ஒரு நாற்காலி. ஜன்னலத் திறந்தா எதிர்க்கட்டடத்துச் சுவர். யாரும் எட்டிப் பாக்க முடியாது. அவ போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவா.

— உக்காந்து?

— அதான்… எழுதுவா.

— இதப் புருஷன்கிட்டச் சொன்னா என்ன, கடிச்சுத் தின்னுடுவானா?

— சிரிப்பான்னு பயம். கடிக்கிறது பரவால்ல.

— நான் எவ்வளவு பயந்தேன்னு தெரியுமா உனக்கு? கதவுக்குப் பின்னால எவனோ நிக்கறான், நீ எனக்குக் கதை மாதிரி எல்லாத்தையும் சொல்லிட்டுக் கடைசில பெட்டியோட போயிடுவன்னு… ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. இன்னைக்கு நீ ரயில்னு சொன்னதும் எனக்குக் கையெல்லாம் ஜில்லுனு போயிடுச்சு.

— ஐயோ என்னங்க நீங்க… கையக் குடுங்க. ஆமா, நிஜமாவே ஜில்லுனு இருக்கு. அழறீங்களா?

— கட்டு அரிக்குது. அவ்வளவுதான். அந்த ரயில முதல்ல நிறுத்து.

— நிறுத்தி?

— அவள இறக்கி விடு. நாளைக்குச் சாயந்தரம் அந்தக் கதவுலேர்ந்து மறுபடி ஆரம்பி. ஒரு நாள் அந்தப் பையில இருக்கற புக்கப் படி, ஒரு நாள் உன் கதையச் சொல்லு. எனக்கு ரெண்டும் வேணும்.

— சொல்றது சுலபம். நீங்க எதிர்ல உக்காந்து பாத்துட்டிருந்தா எனக்கு ஒரு வார்த்த வராது. உங்களுக்கு இது புரியாது.

— வரும்.

— அதெப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?

— ஞாயித்துக்கிழமை நீ கட்டி விட்ட கட்டு அன்னைக்கே மூக்குப் பக்கம் தளர்ந்துபோச்சு. புக்க மடில கவுத்து வச்சுட்டு, கண்ண இறுக்கி மூடிட்டு நீ கதை சொல்றத, அன்னைலேர்ந்து நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்.