முனைவீட்டுச் சங்கு

எங்கள் தீவில் ஓவியனுக்கு முதலில் தீர்ந்துபோகும் நிறம் மஞ்சள்தான், ஃபாதர். கடல் சூழ்ந்த ஊர் என்பதால் நீலம் என்று நினைப்பீர்கள். நீலம் கொஞ்சம் இருந்தால் போதும். தண்ணீர் விட்டு இழுத்தால் ஒரு கடலே வந்துவிடும். மஞ்சள் அப்படியில்லை. அந்திச் சூரியன், வாழைக்குலை, கூடை சுமக்கிற பெண்ணின் தலைத்துணி என்று எல்லாமே மஞ்சளைக் குடிக்கும். தலைநகர் காஸ்ட்ரீஸின் துறைமுகத்தில் பயணிகள் கப்பல் வந்து நிற்கும் நாட்களில் நான் விற்கிற படங்களில் இந்த மூன்றும் கட்டாயம் இருக்கும். இல்லாவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள்.

வாங்குகிற கப்பல்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். இப்படியெல்லாம் வரைய உங்களுக்கு உந்துதல் எங்கிருந்து கிடைக்கிறது? நான் கடலைக் காட்டுவேன். கடலைக் காட்டுகிற என் கையையும் சேர்த்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்தப் படங்களை நான் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். வள்ளங்களைப் பார்ப்பேன், அது என் வேலை. கடலைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும். ஆனால் நீங்கள் கேட்டதற்கு ஒரே சொல்லில் பதில் சொன்னால் தவறாகப் புரிந்துகொள்வீர்கள். கோயில் படிக்கட்டில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். சுண்ணாம்பு வாளியையும் பார்த்தேன். நீங்கள் சரி என்றால் நான் வரைந்த சுவரை வெள்ளையடித்துவிடுவார்கள். அதற்கு முன் என் பக்கத்தைக் கேட்பதாகச் சொன்னீர்கள், நன்றி. நான் முழங்காலில் நிற்கவில்லை, கவனித்திருப்பீர்கள். இது பாவசங்கீர்த்தனம் இல்லை. இந்தச் சுவருக்காகப் பேச வந்திருக்கிறேன்.

நான் இருக்கும் முனைவீடு மீனவர் கூட்டுறவுக்குச் சொந்தமானது. வாடகை கிடையாது. அதற்குப் பதில் அங்கே குடியிருப்பவன் சங்கைக் கவனித்துக்கொள்ள வேண்டும். கரையிலிருந்து பார்த்தால் முனைக்கு அப்பால் நடப்பது தெரியாது. என் வராந்தாவிலிருந்து தெரியும். மீனோடு வள்ளம் திரும்பினால் நீளமாக ஒரு முறை. வள்ளம் கவிழ்ந்தால் நிறுத்தாமல் ஊத வேண்டும், கரையில் இருப்பவர்கள் இன்னொரு வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளும்வரை. நான் ஒரு முறைகூடத் தவறியதில்லை. மீனவன் போனிஃபாஸின் வள்ளம் கவிழ்ந்தபோது ஊதியவன் நான்தான். இன்று வாளியோடு முதல் படியில் உட்கார்ந்திருப்பது அதே போனிஃபாஸ். அவனுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது.

பிறகு நீங்கள் இந்தச் சுவரைக் கொடுத்தீர்கள். ஜூன் கடைசியில் வரும் மீனவர் திருவிழாவுக்குள் முடிய வேண்டும் என்றீர்கள். ஆண்டவரை நோக்கித் தண்ணீர்மேல் நடக்கப் போய், பயந்து, மூழ்கத் தொடங்குகிற பேதுரு. என் வாழ்நாளில் கப்பல்காரர்கள் கேட்காத ஒரு படத்தை ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போய் அழுதேன்.

பேதுருவுக்கு மாதிரியாக, போனிஃபாஸோடு கடலுக்குப் போகும் ஹிலேரியனைத் தேர்ந்தெடுத்தேன். நல்ல எலும்பு அவனுக்கு, முகத்தில் வெளிச்சம் தங்கும். வளைகுடாவில் கழுத்துவரைத் தண்ணீரில் நிற்கச் சொன்னேன். அவன் மனைவி எர்மின் கரையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இப்ப நான் சாகப்போறேன், அப்படித்தானே சாயக்காரரே? மூஞ்சிய எப்படி வெச்சுக்கணும்?" என்றான் ஹிலேரியன். என் பெயரை அவன் சொன்னதே இல்லை. எப்போதும் சாயக்காரர்தான்.

"பயப்படு," என்றேன்.

"என்னத்தப் பாத்துப் பயப்பட? மாமியா கரைக்கு வந்துட்டாளா?"

"எங்கம்மாவ இழுக்காட்டி உனக்குத் தூக்கம் வராது," என்றாள் எர்மின். தலையைத் தூக்கவே இல்லை. "அண்ணே, அவன் தலையப் புடிச்சு நெசமாவே ஒரு முக்கு முக்குங்க. அப்பத்தான் உங்களுக்கு வேண்டிய மூஞ்சி வரும்."

இதை அவள்தான் சொன்னாள். நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதல் பேதுருவை வரைந்து முடித்தேன். நீங்கள் வந்து பார்த்தீர்கள். பிறகு, "குளிக்கிற மாதிரி இருக்காரே," என்றீர்கள். மென்மையாகத்தான் சொன்னீர்கள். அன்று மாலைக்குள் அந்தச் சொல் ரம் கடைக்குப் போய்விட்டது.

"ஆண்டவரே, அந்த சோப்பக் கொஞ்சம் இப்படிக் குடுங்க," என்று போனிஃபாஸ் பேதுருவைப் போலக் கையை நீட்டிக் காட்டினான். "முதுகுக்குக் கை எட்ட மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது பெரிதில்லை. ஹிலேரியன் சிரிக்கவில்லை. அவன் எனக்காகப் பரிந்து பேசினான். "விடுங்கப்பா. ஆளு நல்லாத்தான் வரைவாரு. ஆனா கப்பல்காரனுக்குத்தான் வரையத் தெரியும். நம்மள வரைய நம்மளப் பாத்திருக்கணும்ல?" இதைச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். அவன் சொன்னது உண்மை. அதனால்தான் அது உள்ளேயே கிடந்தது. அந்த வாரம் நீங்கள் பெயர்ப்பலகை எழுதும் ஒருவனைக் காஸ்ட்ரீஸிலிருந்து வரவழைக்கப் போவதாகவும் கேள்விப்பட்டேன். முதல் பேதுருவைச் சுவரிலிருந்து சுரண்டிவிட்டு, சரியான முகம் கிடைக்கக் காத்திருந்தேன்.

அந்தக் காலை காற்று பலமாக இருந்தது. வராந்தாவில் மேசையைப் போட்டு அலைகளை வரைந்து பழகிக்கொண்டிருந்தேன். ஹிலேரியன் சொன்ன சொல்லால், பல வருடங்களுக்குப் பிறகு கடலைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அந்த விதத்தில் அவனுக்கு நான் கடமைப்பட்டவன். முனைக்கு அப்பால் ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு தலை. அந்த இடத்து நீரோட்டம் எதையும் என் வீட்டுக்குக் கீழே இருக்கும் பாறைகள்வரை கொண்டுவந்து, பிறகு வெளியே இழுத்துப்போகும். நீங்கள் நம்ப மாட்டீர்கள், அவன் கல்லெறி தூரத்துக்கு வந்தான். யாரென்று தெரிந்தது. மீசையில் தண்ணீர் வடிவதுகூடத் தெரிந்தது.

மூழ்குகிறவனை எல்லோரும் தப்பாகத்தான் வரைகிறார்கள், ஃபாதர். நானும் அப்படித்தான் வரைந்திருந்தேன். கையை விரித்து, கண்ணை வானத்தை நோக்கித் திருப்பி. அவன் வானத்தைப் பார்க்கவே இல்லை. முதலில் தாடை மேலே வருகிறது. வாய் பிறகுதான் திறக்கிறது. நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை, அவ்வளவு கவனம். கை மேலே வரும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, வகுப்பில் பதில் தெரிந்தவன் தூக்குவதைப்போல. அந்தக் கையில் ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது. அவ்வளவு சாம்பல் நிறத் தண்ணீரில் அந்த ஒரே மஞ்சள். அப்படி ஒரு மஞ்சளை நான் ஒரு கப்பல்காரனுக்கும் விற்றதில்லை.

நான் ஊதவில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் அதுதான். பார்த்தேன், ஊதவில்லை.

அவசரப்படாதீர்கள். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடித்தது. ஊதியிருந்தாலும் சத்தம் அவர்களை எட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. எட்டியிருந்தாலும் அவர்கள் வள்ளத்தைத் தள்ளி முனையைச் சுற்றி வருவதற்குள் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இதைப் பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன்.

அவன் தண்ணீருக்குள் போனபின், வரைந்ததை உள்ளே வைத்துவிட்டு ஊதினேன். நிறுத்தாமல், உதடு வெடிக்கும்வரை ஊதினேன். காற்றுக்கு எதிராகவும் அவர்களுக்கு அது கேட்டது. அந்திவரை தேடினார்கள். வள்ளம் கிடைத்தது. நான் உள்ளே தூங்கிவிட்டதாகவும், எழுந்து பார்த்தபோது வெறும் வள்ளம்தான் தெரிந்ததாகவும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. உடல் கரை சேரவே இல்லை.

சுவரை ஒரே மூச்சில் முடித்தேன். திருவிழாவன்று நீங்கள் திரையை விலக்கியபோது கோயிலில் எழுந்த சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். ஹிலேரியனின் முகத்தை வேண்டுமென்றே வைத்தேன்; இறந்தவனுக்குச் செய்யும் மரியாதை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் ஒன்றுதான் கேட்டீர்கள், பேதுரு இருக்கிறார், ஆண்டவர் எங்கே என்று. பேதுரு பார்க்கிற திசையில் அவர் நிற்கிறார், அதாவது நாம் நிற்கிற இடத்தில், என்று சொன்னேன். உங்களுக்கு அது பிடித்திருந்தது. அதை வைத்து ஒரு பிரசங்கமே செய்தீர்கள். அந்த முகத்தில் தெரிவது விசுவாசம், கை நீளும் என்று நம்புகிறவனின் முகம் என்றீர்கள்.

எர்மின் தினமும் வந்தாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள். சுவரில் அவன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு அந்த இடம் மங்கிப்போய், நான் இரண்டாம் முறை பூச வேண்டியிருந்தது. வீட்டுக்குச் சுட்ட ஈரப்பலாவும் உப்பு மீனும் கொண்டுவந்து வைத்தாள். "அவரு திரும்பி வரல. நீங்கதாண்ணே திருப்பிக் குடுத்தீங்க," என்றாள். இதை அவள் சொன்னாள். இன்று வேறு மாதிரி பேசுகிறாள் என்பதற்காக அன்று சொன்னது பொய்யாகிவிடாது.

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு அவள் முனைவீட்டுக்கு வந்தாள். கையில் உணவு எதுவும் இல்லை. தன் பழைய மஞ்சள் பாவாடையைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள். கீழ் ஓரத்தில் ஒரு பட்டை கிழிந்திருந்தது.

"அன்னிக்கி விடியறதுக்கு முன்னாடி தூண்டில் முள்ளு அவரு கையக் கிழிச்சிருச்சு," என்றாள். "அடுப்பு வெளிச்சத்துல இதக் கிழிச்சுக் கட்டிவிட்டேன். போனிஃபாஸ் அண்ணன் குடிச்சிட்டுக் கெடந்தாருன்னு தனியாப் போனாரு. கரையில ஒரு ஆளு இல்ல. எனக்கும் அவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. நேத்து இந்தப் பாவாடை கையில கெடச்சப்பத்தான் எனக்கு ஒறச்சுது. நீங்க சுவத்துல எப்படிண்ணே வரைஞ்சீங்க?"

ஒரு நிறத்துக்காக வைத்தேன் என்றேன்.

"நிறத்துக்காகன்னா தலையில வெச்சிருக்கலாம். இடுப்புல வெச்சிருக்கலாம். வலது கையில, கட்டைவிரலச் சுத்தி, முடிச்சு உள்பக்கமா. நான் கட்டினா மாதிரியே."

கிழிந்த ஓரத்து நூலை விரலால் நீவிவிட்டேன்.

"நாலு மாசமா அந்தச் சுவத்துக்கு முத்தம் குடுத்துட்டு இருக்கேன்," என்றாள். "அவரு உங்களத்தான் பாத்துட்டிருந்தாரா?"

சத்தம் போடவில்லை. பாவாடையை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அந்தப் பட்டையை நான் வரையாமல் விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். சுவரில் வரையும்போது நான்கூட நினைத்தேன். தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஆனால் அந்த மஞ்சள் இல்லாமல் சுவர் முழுதும் செத்துக் கிடந்தது. வாழ்நாளெல்லாம் பொய்யாக வரைந்தவன் ஒரு முறை உண்மையாக வரைந்தேன். அதற்குத்தான் இந்தச் சுண்ணாம்பு.

பேதுருவின் வாய் என்ன சொல்கிறது என்று திருவிழாவில் பலர் கேட்டார்கள். தெரியாது என்றேன். தெரியும். தியோதுல் என்று கூப்பிட்டான். என் பெயர் அவனுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்னும் ஒன்று பாக்கி. சங்கு எங்கே இருந்தது என்று எர்மினும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அது உள்ளே இல்லை. மேசைமேல்தான் இருந்தது. அன்று காற்று என்று சொன்னேனே, தாள் பறந்துவிடாமலிருக்க அதன் மேல் சங்கை வைத்திருந்தேன். சங்கை எடுத்தால் தாள் கடலுக்குப் போய்விடும். என் நிலையில் இருந்து பார்த்தால் உங்களுக்குப் புரியும்.

ஒரு முறை எடுக்கவும் செய்தேன். முதல் தாளில் கை சரியாக விழவில்லை, தோளைவிட்டு விலகிப் போயிருந்தது. சங்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தத் தாளை உருவிவிட்டுப் புதிய தாளை விரித்தேன். அவன் அப்போது இன்னும் தண்ணீருக்கு மேலேதான் இருந்தான். சங்கு என் கையில் உயர்ந்ததைப் பார்த்தான். உடனே அவன் முகம் மாறியது. தண்ணீரோடு போராடுவதை நிறுத்திவிட்டு, அமைதியாக, என்னையே பார்த்தான். நீங்கள் விசுவாசம் என்று பிரசங்கம் செய்தது அந்த முகத்தைத்தான். அது போய்விடுவதற்குள் பிடிக்க வேண்டியிருந்தது. சங்கைப் புதிய தாளின்மேல் வைத்துவிட்டு வரைந்தேன்.

அதனால் கேட்கிறேன், வெள்ளையடிக்க விடாதீர்கள். என்னை ஊரைவிட்டு அனுப்புங்கள், போலீஸைக் கூப்பிடுங்கள், சுவர் இருக்கட்டும். போனிஃபாஸும் மற்றவர்களும் அன்று பொழுது சாயும்வரை கடலெல்லாம் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். ஹிலேரியனைக் கரைக்குக் கொண்டுவந்தவன் நான் ஒருவன்தான்.