இந்த கேட்டுக்கிட்ட மட்டும் வண்டி நிக்குது

நின்னுடுச்சா! மறுபடியும் நின்னுடுச்சா! அதே ரோடு, அதே கேட்டு, அதே எடம்! டாக்டர், நான் என்ன சொன்னேன்? க்ளட்சை மெதுவா விடுங்க, தூங்கற கொழந்தையைத் தொட்டில்ல போடற மாதிரி விடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? டொக்குனு ஒரு குலுக்கு... என் தலை முன் கண்ணாடி வரைக்கும் போயி நலம் விசாரிச்சுட்டு வருது. சரி சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. நியூட்ரல். சாவியைத் திருப்புங்க. பின்னாடி லாரிக்காரர்தானே, அடிக்கட்டும் ஹார்ன். அவர் மட்டும் என்ன, பொறக்கும்போதே ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டா பொறந்தாரு?

அந்த வாட்ச்மேனைப் பாக்காதீங்க. ரோட்டைப் பாருங்க. அவரு பாட்டுக்குச் சிரிக்கட்டும். பாவம், நாம உள்ளதான் வர்றோம்னு ஒவ்வொரு தடவையும் கேட்டைத் தொறக்கறாரு, நாம போகலைன்னதும் மூடறாரு. அவருக்கும் கைக்கு ஒரு வேலை. ம்... போங்க, நேரா போங்க. பாத்தீங்களா, இங்க நல்லாத்தானே ஓட்டறீங்க? பேக்கரியைத் தாண்டிட்டா வண்டி கப்பல் மாதிரி போகுது. அந்த கேட்டுக்கிட்ட மட்டும் உங்க காலுக்கு என்ன வந்துடுது? ரோடு மேடா இருக்குன்னு சொல்லாதீங்க. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். நீங்க சொல்லலைதான்... ஆனா நெனைச்சீங்க, மூஞ்சியில தெரியுது.

உங்க வீட்டம்மா அன்னிக்கே சொன்னாங்க. "இவர் எங்க போகணும்னாலும் நான்தான் கொண்டுவிட்டுக் கூட்டிட்டு வர்றேன், என்னால ஆவல, எப்படியாவது ஓட்ட வெச்சுடுங்க"ன்னாங்க. ஓட்ட வெக்கறேன். என்கிட்ட வந்து ஓட்டத் தெரியாமப் போனவங்களே கிடையாது. இதோ பாருங்க, என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக்கு இருக்கு, ஆபத்துக்கு. சில பேரு இருக்காங்க, சொல்லித்தர்றேன்னு உக்காந்துக்கிட்டு எப்பப் பாரு அதையே மிதிச்சுக்கிட்டு இருப்பாங்க. நான் அந்த ரகம் இல்ல. பயம்ங்கற பேச்சே என்கிட்ட கிடையாது. ஒருத்தர் வண்டியோட வாத்துக் குளத்துல எறங்குனாரு. நான் உக்காந்த எடத்துலேர்ந்து அசையாம, "வைப்பரைப் போடுங்க"ன்னேன். அவ்வளவு நிதானம்!

லெஃப்ட்ல திரும்புங்க. ஆமா, மறுபடியும் அதே சுத்துதான். பாடம் டாக்டர், பாடம்! அந்த ரோட்டுல ஸ்கூல் இருக்கு, பஸ் ஸ்டாப் இருக்கு, நடுரோட்டுல காலை நீட்டித் தூங்கற நாய் இருக்கு. கத்துக்கறவங்களுக்கு இதைவிட நல்ல ரோடு எங்க கிடைக்கும்? அந்த கேட்டு ஒரு மகளிர் க்ளினிக்கோட கேட்டா இருக்கறது தற்செயல். எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

...சரி. இருக்கு.

இன்னிக்கு அங்க எனக்கு அப்பாயின்ட்மென்ட். இந்நேரத்துக்குத்தான். ஏன் என்னைப் பாக்கறீங்க, ரோட்டைப் பாருங்க! சைக்கிள்! சைக்கிள்! ...அப்பாடா. அது இல்ல டாக்டர், எப்படியும் உங்க பாடம் இந்தப் பக்கம்தானே, போற வழியில எறங்கிக்கலாம்னு ஒரு கணக்குப் போட்டேன். எறங்கத்தான் இன்னும் வேளை வரல. நீங்கதான் வண்டியை அங்க போயி நிறுத்தி நிறுத்தி என்னைக் கொழப்பறீங்களே!

என்ன விஷயம்னு கேக்க மாட்டீங்களா? கேக்க மாட்டீங்க. இங்க வாயில்லாப் பூச்சி. உங்க பல் ஆஸ்பத்திரி ரூமுல என்ன பேச்சுப் பேசறீங்க! நாற்காலியைச் சாய்ச்சு, வாயைப் பொளக்க வெச்சு, ஒரு பை சாமானை உள்ள திணிச்சுட்டு, "அப்புறம்மா, தொழில் எப்படிப் போகுது?"ன்னு கேப்பீங்க. நான் "ஆ... ஆ..."ன்னுவேன். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்"னுவீங்க. இப்ப என் முறை. உங்க ரெண்டு கையும் ஸ்டியரிங்குல, கண்ணு ரோட்டுல. தப்பிக்க முடியாது, கேளுங்க.

பொம்பளைங்களுக்குக் கருப்பை வாயிலேர்ந்து ஒரு டெஸ்ட் எடுப்பாங்க. ஒண்ணும் தொந்தரவு இல்லைன்னாலும் அப்பப்ப எடுத்துப் பாத்துக்கணும். சின்னதா ஒரு பிரஷ்ஷை விட்டுத் தடவி எடுப்பாங்க... ஏன் டாக்டர், காது ரெண்டும் இப்படிச் சிவக்குது? வாயி, பிரஷ்ஷு, எல்லாம் உங்க டிபார்ட்மென்ட்தானே! உங்க வீட்டம்மா எடுத்தாங்களான்னு இன்னிக்குப் போயி கேளுங்க. எடுக்கலைன்னா எடுக்கச் சொல்லுங்க. கியரை மாத்துங்க, எஞ்சின் அழுவுது.

நானும் அந்த க்ளினிக்ல எடுத்தேன். ஒண்ணுமே தெரியல. வந்தேன், மறந்தேன். அப்புறம் ஒரு நாள் நர்ஸம்மா போன் பண்ணி, "செல்கள்ல கொஞ்சம் மாற்றம் தெரியுதும்மா"ன்னாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறமும் அந்தம்மா நெறைய சொன்னாங்க. இது கேன்சர்னு அர்த்தம் இல்லைன்னாங்க. நெறைய பேருக்கு இப்படி வர்றதுதான்னாங்க. பெரும்பாலும் தானாவே சரியாப் போயிடும், இருந்தாலும் லென்ஸ் வெச்சுக் கிட்டத்துல ஒரு தடவை பாத்துடலாம், வந்துடுங்கன்னாங்க. எல்லாம் பொறுமையாத்தான் சொன்னாங்க. ஆனா "மாற்றம்"னு கேட்டதோட என் காது கடையைச் சாத்திடுச்சு.

அன்னிக்கு போனை எடுத்து வெச்சுக்கிட்டுத் தேட ஆரம்பிச்சேன் பாருங்க. கருப்பை வாயில ஆரம்பிச்சு, கல்லீரலுக்குப் போயி, கண்ணுக்குப் போயி, கடைசியில மாட்டுக்கு வர்ற கோமாரியில வந்து நின்னேன். எனக்குக் கோமாரியும் இருக்குன்னு முடிவே பண்ணிட்டேன். சிரிக்காதீங்க! அறிகுறி எல்லாம் பொருந்துது டாக்டர். சோர்வா இருக்குமாம், சரியாத் தீனி எடுக்காதாம், எச்சில் ஒழுகுமாம். உங்க நாற்காலியில எனக்கு ஒழுகுச்சா இல்லையா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி.

அப்புறம் எதிர் வீட்டுத் தையல்காரம்மா. "எங்க சித்திக்கும் இதேதான்க்கா வந்துச்சு"ன்னா. நான் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு, "அப்புறம்?"னேன். "அப்புறம் அவங்க வீடு மாத்திக்கிட்டுப் போயிட்டாங்க, தெரியலை"ங்கறா! இதை எதுக்குடி என்கிட்ட சொன்னே? மூணு நாள் நான் அந்தச் சித்தியைப் பத்தியே கவலைப்பட்டேன். பாத்தா, அந்தம்மா நல்லா குண்டுக்கல்லு மாதிரி இருக்காங்களாம். இப்ப வந்து சொல்றா.

என் தங்கச்சி ஒருத்தி. "அக்கா, மூச்சுப் பயிற்சி பண்ணு, மனசு லேசாயிடும்"னு எதையோ அனுப்புனா. ஒரு பொண்ணு குழைஞ்சு குழைஞ்சு பேசுது, "கண்களை மூடுங்கள்... அமைதியான ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்"னு. நான் குளத்தை நெனைச்சேனா, உடனே அந்த ஆளு வண்டியோட உள்ள வந்துட்டாரு. சரி, குளம் வேணாம், சும்மா மூச்சை இழுத்துப் பிடிப்போம்னு மறுநாள் இதே சீட்டுல உக்காந்து பிடிச்சேன். ஓட்டிக்கிட்டிருந்த பொண்ணு என்னைத் திரும்பிப் பாத்துட்டு, தான் ஓட்டற லட்சணத்துலதான் எனக்கு மூச்சடைச்சுப் போச்சுன்னு நெனைச்சு, நடுரோட்டுல நிறுத்திட்டு ஓன்னு அழுவுது. அவளைத் தேத்தறதுக்குள்ள என் உசுரு போயி உசுரு வந்துச்சு.

வேகத்தடை... வேகத்தடை! ம், பரவால்ல.

வீட்டுல சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னேன், கெட்டுது குடி. எங்க வீட்டுக்காரர் பாத்திரம் தேய்க்கறாரு டாக்டர்! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து குடிச்ச டம்ளரை நகத்தி வெச்சதில்ல அந்த மனுஷன்! திடீர்னு இப்படித் தேய்ச்சா எனக்கு என்ன தோணும்? சரி, இவருகிட்ட தனியா எதையோ சொல்லிட்டாங்கன்னுதானே தோணும்? என் மக அதுக்கும் மேல. வாயைத் தொறந்தா வெடிதான் அது. இப்ப, "அம்மா, டீ போட்டுத் தரட்டுமாம்மா?"ங்குது. ரெண்டு அம்மா போடுது டாக்டர்! "சண்டை போடுடி, ஒரே ஒரு தடவை கத்துடி, நான் இன்னும் உசுரோடதான்டி இருக்கேன்"னு கெஞ்சறேன். அது மூக்கை உறிஞ்சிக்கிட்டு உள்ள போகுது.

இதுக்கெல்லாம் காரணம் ஒரு வைரஸாம். ரொம்ப சாதாரணமாம், யாருக்கு வேணா வருமாம், எந்தக் காலத்துல வந்துச்சுன்னே சொல்ல முடியாதாம், அதனால யாரையும் குத்தம் சொல்லக் கூடாதாம். நர்ஸம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க. இருந்தாலும் நான் எங்க வீட்டுக்காரரை ஒரு பார்வை பாத்தேன். சும்மா... ஒரு பார்வை. அந்த மனுஷனுக்குக் குப்புனு வேர்த்து, "நான்தான், நான்தான்"னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. "என்னது நீங்கதான்?"னேன். "ஃப்ரிட்ஜ் கதவை ஒடைச்சது நான்தான், பூனை இல்ல"ங்கறாரு! மூணு வருஷமா அந்தப் பூனைக்குப் பால் ஊத்தாம வெச்சிருக்கேன் டாக்டர்!

லெஃப்ட். இண்டிகேட்டர். ...பையில போன் அடிக்குது. க்ளினிக்தான். எடுக்க மாட்டேன். ஓட்டறப்ப போன் எடுக்கக் கூடாது, மொத பாடமே அதுதானே. என்ன பார்வை? நான் ஓட்டலைதான். ஓட்டறவருக்குச் சொல்லித் தர்றேன்ல? அதுவும் ஓட்டற மாதிரிதான். அடிச்சு ஓயட்டும்.

ஏற்கனவே ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. மொத தடவை வண்டி ரிப்பேருன்னேன். ரெண்டாவது தடவை எங்க வீட்டுக்காரருக்குக் கால் சுளுக்குன்னேன். அந்த நர்ஸம்மா காய்கறிக் கடையில அவரைப் பாத்து, "கால் இப்ப தேவலையா?"ன்னு கேட்டிருக்காங்க. நான் ஏதோ பொய் சொல்லியிருக்கேன்னு புரிஞ்சுக்கிட்டு, எதுக்குன்னே தெரியாம அந்த மனுஷன் கடையிலேர்ந்து வீடு வரைக்கும் நொண்டிக்கிட்டே வந்தாரு. வாசல்ல வந்துதான், "எந்தக் காலுன்னு சொல்லு, மாத்தி மாத்தி நொண்டிட்டேன்"னாரு. நல்ல மனுஷன். இன்னிக்கும் லீவு போட்டுக் கூட வர்றேன்னுதான் சொன்னாரு. நான்தான், "நான் என்ன சின்னப் புள்ளையா, எனக்குப் போகத் தெரியாதா?"ன்னு கத்தி வேலைக்கு அனுப்புனேன். இன்னிக்கும் போகலைன்னா வரிசையில கடைசிக்குத் தள்ளிடுவாங்களாம், மறுபடி எடம் கிடைக்க மாசக்கணக்குல ஆகுமாம். இந்த மாசத்தையே என்னால தள்ள முடியல டாக்டர். இன்னும் எத்தனை நோவுதான் தேடிப் பிடிக்கறது, மாடு முடிஞ்சுது, இனிமே கோழிதான்.

இதோ, வந்தாச்சு. இந்தத் தடவை நிக்கக் கூடாது, சொல்லிட்டேன். க்ளட்ச்... மெதுவா... வாட்ச்மேன் தொறக்கறாரு, அதை விடுங்க... மெதுவா... மெதுவா...

நின்னுடுச்சா! என்ன டாக்டர் இது! எத்தனை தடவைதான் சொல்றது? பல்லைப் பிடுங்கறப்பவும் இப்படித்தான் பாதியில நிறுத்துவீங்களா? ...என்ன? என்ன கீழ பாக்கறீங்க? க்ளட்சு உங்க கால்ல இருக்கு. என் காலைப் பாத்தா என்ன தெரியப் போகுது? என் கால்ல என்ன...

அய்யோ.

என் கால்தான். பிரேக்கு மேல. சும்மா வெக்கல, ஏறி மிதிச்சுக்கிட்டு நிக்குது. செருப்பு மாட்டிக்கிச்சோ? ...இல்ல, மாட்டல.

அப்ப மொத தடவையும் இதேதானா? அதுக்கடுத்த தடவையும்? தலையை ஆட்டாதீங்க டாக்டர், எனக்கு மானம் போகுது. தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை திட்டையும் வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தீங்க? ஆமா... உங்களுக்குத் தெரியாம இருக்குமா? உங்க நாற்காலியில படுக்கற அத்தனை பேரும் பயத்துல காலை நீட்டி எதையாவது மிதிச்சுக்கிட்டுத்தான் கிடக்கறாங்க. நீங்க வாயை மட்டும்தான் பாப்பீங்கன்னு நெனைச்சேன்.

பயமா இருக்கு டாக்டர். ரொம்ப பயமா இருக்கு. உள்ள போனா எதையாவது சொல்லிடுவாங்க. வெளிய சுத்திக்கிட்டே இருந்தா ஒண்ணும் தெரியாது. தெரியாத வரைக்கும் நல்லா இருக்கலாம்னு பாத்தேன்... எங்க நல்லா இருக்கேன்?

சரி, விடுங்க. நேராப் போங்க, பேக்கரி பக்கம் போயி ஒரு டீ குடிப்போம். ...ஏன் லெஃப்ட் இண்டிகேட்டர் போடறீங்க? நான் சொல்லலையே? நேரா போங்கன்னேன். ஸ்டார்ட் பண்ணியாச்சு, கியர் போட்டாச்சு, கண்ணாடியும் பாத்தாச்சு, எல்லாம் ஒழுங்காத்தான் பண்றீங்க. அப்புறம் போகாம எதுக்கு உக்காந்திருக்கீங்க?

ஓ.

நான் காலை எடுக்கணும்.

பின்னாடி யாருய்யா அது, பஸ்ஸா? கொஞ்சம் பொறுங்கய்யா, ஒருத்தி காலைத் தூக்கறதுக்குப் படாத பாடு பட்டுக்கிட்டிருக்கா! ...எடுத்துட்டேன். இல்ல, எடுக்கல, எடுத்துட்டேன்னு நெனைச்சேன். இருங்க, கையாலயே தூக்கிடறேன். ம்... ஆச்சு. இந்தாங்க, ரெண்டு காலையும் சீட்டு மேல ஏத்திச் சம்மணம் போட்டு உக்காந்துட்டேன், பாத்துக்கோங்க. என்கிட்ட இனிமே பிரேக்கு இல்ல. ஓட்டறவர் நீங்கதான்.

போங்க டாக்டர். உள்ள போங்க.