கொடுக்காத தெரு

படிவம் நிரப்பப் பென்சில்தான் நல்லது. பேனா வெயிலில் மை கக்கும், சட்டைப்பை பாழாகும். பத்து வருடமாகத் திட்டங்களை மதிப்பீடு செய்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தண்ணீர் வடிகட்டித் திட்டம் மிக எளிது. இரண்டு தெரு, ஒரே குழாய்த் தண்ணீர். ஒரு தெருவுக்கு வடிகட்டி கொடுக்க வேண்டும், மற்றதற்குக் கூடாது. ஆறு மாதம் கழித்து எங்கே வயிற்றுப்போக்கு குறைந்தது என்று பார்க்க வேண்டும். கொடுக்காத தெரு இல்லாவிட்டால் எதை வைத்து ஒப்பிடுவது? நாணயம் சுண்டினோம். கொடுக்காத தெருவாகும் யோகம் என் அக்காவின் தெருவுக்கு அடித்தது.

நான்காம் மாதம் அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். தோளில் அவள் மகள் பாப்பா துவண்டு கிடந்தாள்.

"எதிர்த்தெருவுல ஒரு பிள்ளைக்கும் ஒண்ணுமில்லடா. உன் ரூம்ல ஆறு சும்மாதானே கிடக்கு? ஒண்ணு குடு."

"அது உடைஞ்சா மாத்துறதுக்குக்கா."

"உடைஞ்சதுன்னு எழுதிக்க."

"பொய் எழுதச் சொல்றியா?"

அக்கா குழந்தையிடம் திரும்பினாள். "நல்ல மாமன் வாய்ச்சான்டி உனக்கு."

அவளுக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம்.

தண்ணீரில் கிருமி இருப்பது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஆய்வு முடிவு முதல் வாரமே என் மேஜைக்கு வந்துவிட்டது. கொதிக்க வைத்துக் குடி என்று சொல்ல வாய் வரை வந்தது. ஒருத்தியிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு அது கொடுக்காத தெருவாகவே இருக்காது. சொல்லவில்லை.

ஆறாம் மாதக் கணக்கெடுப்புக்கு அக்கா வீட்டுக்கு நானே போனேன். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் தெரியுமே. பூஜ்யம் போட்டேன். பாப்பாவோடு அந்தத் தெருவில் நான்கு இறப்பு. எதிர்த்தெருவில் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு சுத்தமான வித்தியாசத்தை நான் பார்த்ததே இல்லை.

திட்டத்தை நகரம் முழுக்க விரிவாக்கினார்கள். முதல் வடிகட்டியை நானே சுமந்துபோய் அக்கா வீட்டில் வைத்தேன். போன வாரம் பார்வையிடப் போனபோது அது அட்டைகூடப் பிரிக்காமல் வாசலில் கிடந்தது.

பயன்படுத்தாத வீடு ஒன்று என்று குறித்துக்கொண்டேன். காரணம் என்ற இடத்தில், தெரியவில்லை என்று எழுதினேன்.